முறுமுறுப்பிலிருந்து மகிழ்ச்சிக்கு: ‘கிரண்டில்ட்’ என்ற சொல்லின் கதை

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸின் ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ நாவல் 1938 அக்டோபரில் வெளிவந்தது. முந்தைய இரவு விருந்தின் போதை முழுதும் தெளியாத தலையோடு பெர்ட்டி வூஸ்டர் கண்விழிப்பதில் கதை தொடங்குகிறது. அவனுடைய பணியாளர் ஜீவ்ஸுக்கு உலகத்தைக் கப்பலில் சுற்றிவர ஆசை. எஜமானனைக் கிளப்பினால்தான் தானும் போகலாம். பெர்ட்டி முடியாது என்கிறான். ஜீவ்ஸ் முகம் சுளிப்பவர் அல்லர், எதிர்த்துப் பேசுபவரும் அல்லர். குரலில் மட்டும் ஏதோ ஒன்று மாறுகிறது. (பணியாளரை ‘அவர்’ என்றும் எஜமானனை ‘அவன்’ என்றும் எழுத வருகிறதே, இந்தக் கதைகளில் யார் யாரை ஆள்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.)

அந்த மாற்றத்தை வாசகரிடம் சொல்வதற்கு பெர்ட்டி ஒரு சொல்வித்தை செய்கிறான். ‘டிஸ்கிரண்டில்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெயரடை உண்டு. மனக்குறையோடு, அதிருப்தியோடு இருக்கும் ஆளைக் குறிப்பது. ஜீவ்ஸின் நிலையை அந்த அளவுக்குச் சொல்லிவிட முடியாது என்று பெர்ட்டி அதை ஒதுக்குகிறான். பிறகு அந்தச் சொல்லின் தலையிலிருக்கும் ‘டிஸ்’ஸை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ‘கிரண்டில்ட்’ என்ற துண்டைத் திருப்திக்குப் பெயராக்குகிறான். அந்தத் திருப்தியும் ஜீவ்ஸிடம் காணோம் என்கிறான். ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும் வேலை. ஆங்கில நகைச்சுவை பற்றிப் பேசுபவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாக்கியத்தை எடுத்துக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் ஊர் ஆங்கில நாளேடுகளில் ‘டிஸ்கிரண்டில்ட்’ வாரம் ஒருமுறையாவது தலைகாட்டும். தமிழ் நாளேடு ‘அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்’ என்று எழுதும் இடத்தில் ஆங்கில நாளேடு போடும் சொல் அதுதான். அமைச்சர் பதவி கிடைத்தபின் அதே எம்.எல்.ஏ. ‘கிரண்டில்ட்’ ஆகிவிட்டார் என்று எந்த நிருபரும் எழுதுவதில்லை. எழுதினால் துணையாசிரியர் சிரித்துவிட்டு அடித்துவிடுவார். அகராதியில் இடம் இருந்தும் அன்றாட வழக்கில் இடம் கிடைக்காத சொல் அது. ஏன் அப்படி என்பதற்கான விடை, வுட்ஹவுஸ் வெட்டி எறிந்த அந்த ‘டிஸ்’ஸுக்குள் இருக்கிறது.

‘கிரண்ட்’ என்பது பன்றியின் உறுமல். அதன் வாலில் ‘ல்’ என்று ஓர் ஒட்டைச் சேர்த்தால் ‘கிரண்டில்’. அந்த ஒட்டு, செயல் சிறுசிறு அளவில் திரும்பத்திரும்ப நடப்பதைக் காட்டும். பொறியைக் குறிக்கும் ‘ஸ்பார்க்’ என்பதிலிருந்து மினுமினுப்பதைக் குறிக்கும் ‘ஸ்பார்க்கில்’ வந்தது. வெடித்து விரிசல் விடும் ‘கிராக்’ என்பதிலிருந்து படபடவென்று பொரியும் ‘கிராக்கில்’ வந்தது. தமிழில் இந்த வேலையை இரட்டைக்கிளவி செய்கிறது. ஆகவே ‘கிரண்டில்’ என்றால், ஒரு பெரிய உறுமலாக இல்லாமல், பன்றி விட்டுவிட்டுச் சின்னச்சின்னதாக உறுமுவது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வினைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தாவியது. குறை சொல்லிக்கொண்டே இருப்பவனும் ‘கிரண்டில்’ செய்தான்.

இதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் உண்டு: முறுமுறுத்தல். பாலைவனத்தில் சோறும் தண்ணீரும் இல்லாமல் மோசேக்கு எதிராக இஸ்ரவேல் மக்கள் செய்ததைத் தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. முணுமுணுப்பில் மெல்லிய குரல் மட்டுமே உண்டு. முறுமுறுப்பிலோ வயிற்றெரிச்சலும் சேர்ந்திருக்கிறது. ‘கிரண்டில்’ அந்த இரண்டாவது வகை.

ஸ்காட்லாந்தில் அதே ஒலி பெயர்ச்சொல்லாகி, பன்றியின் மூஞ்சியையும், கோபத்தில் கோணிக்கொள்ளும் மனித மூஞ்சியையும் குறித்தது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ‘ஸ்காட்ச் டிரிங்க்’ என்ற கவிதையில் விஸ்கியைக் கண்டு மூஞ்சியைச் சுளிக்கும் உத்தமர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் மூட்டுவாதமும் வரட்டும் என்று சாபம் கொடுக்கிறார். அங்கே சுளிக்கப்படும் மூஞ்சிக்கு அவர் வைத்த சொல் ‘கிரண்டில்’. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அந்தச் சொல்லில் மகிழ்ச்சியின் சாயல் துளிகூட இல்லை.

‘டிஸ்கிரண்டில்’ என்ற வினைச்சொல் 1682இல் பதிவாகியிருக்கிறது. ஒருவனை அதிருப்திக்கு ஆளாக்குவது என்பதே அப்போதும் பொருள். முறுமுறுப்பதைக் குறிக்கும் சொல்லின் முன்னே ‘டிஸ்’ சேர்ந்தால் முறுமுறுப்பு நிற்கவேண்டும் அல்லவா? நிற்கவில்லை, கூடிவிட்டது.

லத்தீனிலிருந்து வந்த ‘டிஸ்’ ஒட்டுக்கு அடிப்படைப் பொருள் ‘இல்லை’ என்பதன்று. விலகி, பிரிந்து, துண்டுதுண்டாக என்பதே அதன் ஆதிப்பொருள். அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. விலகுதல் என்பதிலிருந்து மறுத்தல் வந்தது: ‘டிஸ்ஹானஸ்ட்’, ‘டிஸ்லைக்’ எல்லாம் அந்தக் கிளை. துண்டுதுண்டாக என்பதிலிருந்து ‘முற்றமுழுக்க’ என்ற மிகுதிப்பொருள் வந்தது. வெட்கப்படுவதைச் சொல்லும் லத்தீன் வினையின் முன் ‘டிஸ்’ வந்தால் வெட்கம் போகாது, வெட்கத்தால் கூனிக்குறுகும் நிலை வரும். ரத்துசெய்வதைக் குறிக்கும் ஆங்கில ‘அனல்’ என்பதன் முன் ‘டிஸ்’ சேர்ந்து ‘டிஸ்அனல்’ ஆனால், ரத்து நீங்காது, ரத்து உறுதிப்படும். ‘டிஸ்கிரண்டில்’ இந்த இரண்டாவது கிளையில் காய்த்தது. முறுமுறுப்பு நீங்குவது அன்று, முற்றமுழுக்க முறுமுறுப்பில் மூழ்குவது.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வடமொழியின் ‘வி’ என்ற முன்னொட்டும் விலகுதலில் தொடங்கி இதேபோல இரண்டாகக் கிளைத்தது. விமலா என்றால் மலம், அதாவது குற்றம், நீங்கியவள். விஞ்ஞானம் என்றால் ஞானம் நீங்கியது இல்லை, சிறப்பாக அறியும் அறிவு. ஒரே எழுத்து ஓரிடத்தில் கழிக்கிறது, மற்றோரிடத்தில் கூட்டுகிறது. விஞ்ஞானம் ஞானத்துக்கு எதிர்ச்சொல் என்று மேடையில் ஒரு பேச்சாளர் வேடிக்கை செய்தால், வுட்ஹவுஸ் செய்ததைத்தான் அவரும் செய்கிறார்.

ஆக, வரலாற்றின்படி ‘கிரண்டில்ட்’ என்ற பெயரடைக்குப் பொருள் இருக்குமானால் அது முறுமுறுப்புக்கு ஆளானவன் என்பதாகவே இருக்கவேண்டும். டிஸ்கிரண்டில்ட் முழுக்க முறுமுறுத்தவன், கிரண்டில்ட் கொஞ்சம் முறுமுறுத்தவன். இரண்டும் ஒரே திசையில் போகும் சொற்கள். வுட்ஹவுஸ் ஒன்றைத் திருப்பி எதிர்த்திசையில் ஓடவிட்டார். படித்த யாரும் ‘இது தவறு’ என்று கையைத் தூக்கவில்லை. எல்லோரும் உடனே புரிந்துகொண்டு சிரித்தார்கள். ஆராயவேண்டியது இந்த உடனடிப் புரிதலைத்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சென் 1917இல் மறுப்புச் சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் மறுப்பு ஒட்டு சேர்ந்த பெயரடைகளில் பெரும்பாலானவை இழிவுப் பொருள் தருகின்றன என்பது அதில் அவர் கவனித்த ஒன்று. தகுதியுடையதன் முன் மறுப்பொட்டு சேரும், தகுதியற்றது பிறக்கும். கொடியது, முட்டாள்தனமானது போன்றவற்றின் முன் அந்த ஒட்டு சேர மறுக்கிறது. 1964இல் மொழியியலாளர் கார்ல் ஜிம்மர் பல மொழிகளை ஒப்பிட்டு இதை ஒரு கருதுகோளாகவே வகுத்தார்: மறுப்பு ஒட்டுகள் நல்ல பொருளுள்ள அடிச்சொற்களைத்தான் தேடிப்போய் ஒட்டிக்கொள்கின்றன. ‘ஹேப்பி’யிலிருந்து ‘அன்ஹேப்பி’ உண்டு. ‘சேட்’ என்பதிலிருந்து ‘அன்சேட்’ கிடையாது. விதிவிலக்குகள் இருந்தாலும் போக்கு தெளிவானது.

தமிழிலும் எண்ணிப் பாருங்கள். நீதி, அநீதி. நியாயம், அநியாயம். மானம், அவமானம். திருப்தி, அதிருப்தி. துக்கம், கோபம், பொறாமை என்ற சொற்களுக்கு முன்னால் ஓர் ‘அ’ போட்டுப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. நல்லது இல்லாமல் போவதற்கு மொழி ஒரு பெயரை வைத்திருக்கிறது. கெட்டது இல்லாமல் போனால் பெயர் வைக்க அவசியம் நேர்வதில்லை போலும்.

ஜிம்மரின் கருதுகோளை வைத்துப் பார்த்தால் பெர்ட்டியின் வாக்கியம் விதியை மீறவே இல்லை. டிஸ்கிரண்டில்ட் என்பது கெட்ட பொருளுள்ள சொல். தலையில் மறுப்பொட்டு போல ஒன்று தெரிகிறது. மறுப்பொட்டு நல்ல சொல்லின் மேல்தான் ஏறும் என்பது பேசுபவரின் காதுக்குள் பதிந்த கணக்கு. எனவே அடியில் இருப்பது நல்ல சொல்லாகத்தான் இருக்கவேண்டும். வாசகர் ‘கிரண்டில்’ என்ற பழைய வினையைக் கேள்விப்பட்டிருக்கவே தேவையில்லை. கேள்விப்படாமல் இருப்பதே நல்லது. வரலாறு தெரிந்தவருக்கு அந்த இடத்தில் கால் இடறும், தெரியாதவர் நேரே போய்ச் சேர்ந்துவிடுவார். சொற்பிறப்பு அறிவு நகைச்சுவைக்குத் தடையாக நிற்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

சொல்லை உண்டாக்கியவர் வுட்ஹவுஸ்தானா? இல்லை. மகிழ்விப்பது என்ற பொருளில் ‘கிரண்டில்’ 1926இலேயே வழங்கியிருப்பதாக மெரியம்-வெப்ஸ்டர் அகராதி காட்டுகிறது. வுட்ஹவுஸ் செய்தது அதற்கு ஏற்ற வாயைக் கண்டுபிடித்தது. தலைசிறந்த பள்ளிகளில் படித்துவிட்டு, படித்ததில் பாதியை மறந்தவன் பெர்ட்டி. மேற்கோளைத் தொடங்குவான், முடிவு மறந்துபோகும், ஜீவ்ஸ்தான் எடுத்துக்கொடுப்பார். சரியான சொல்லைத் தேடுவான், அகப்படாது. அகப்படாதபோது கையில் கிடைத்ததை உடைத்துப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வான். ‘கிரண்டில்ட்’ ஓர் எழுத்தாளரின் சாமர்த்தியமாகத் தெரியாமல், நல்ல மனசும் அரைகுறைப் படிப்பும் உள்ள ஓர் இளைஞனின் தவிப்பாகத் தெரிகிறது. வுட்ஹவுஸோ டல்விச் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் முறையாகப் பயின்றவர். முட்டாள்போலத் துல்லியமாக எழுதுவதற்கு எவ்வளவு படிக்கவேண்டியிருக்கிறது!

அந்த வாக்கியத்தின் அளவுகோலும் கவனிக்கத்தக்கது. ஜீவ்ஸின் மனநிலைக்கு நேரான பெயர் எதையும் பெர்ட்டி சொல்லவில்லை. அதிருப்தி அல்ல, திருப்தியும் அல்ல என்று இரு பக்கமும் வேலி கட்டி, நடுவில் ஓர் இடத்தை மட்டும் காலியாகக் காட்டுகிறான். ஜீவ்ஸ் எப்போதும் வாழ்வது அந்த இடத்தில்தான். அவர் புருவம் ஓர் இம்மி உயர்ந்தால் அது மற்றவர்களின் அலறலுக்குச் சமம். அப்படிப்பட்ட முகத்தை வர்ணிப்பதற்கு இருக்கும் சொற்கள் எல்லாம் கனமானவை. வழக்கில் இல்லாத ஒரு சொல்லே பொருந்துகிறது.

இன்னொரு வேடிக்கை. இச்சொல்லின் முதல் உரிமையாளர் பன்றி அல்லவா? வுட்ஹவுஸ் படைத்த பாத்திரங்களில் மிகவும் மனநிறைவோடு வாழ்வதும் ஒரு பன்றிதான். பிளாண்டிங்ஸ் கோட்டையில் எம்ஸ்வொர்த் பிரபு உயிராக வளர்க்கும் ‘எம்ப்ரஸ்’ என்ற கறுப்பு பெர்க்‌ஷயர் பெண்பன்றி. 1927இல் வந்த அதன் முதல் கதையில், பராமரிப்பவன் சிறைக்குப் போய்விட, எம்ப்ரஸ் சாப்பிடாமல் கிடக்கிறது. ஷ்ராப்ஷயர் விவசாயக் கண்காட்சியில் கொழுத்த பன்றிகளுக்கான போட்டி நெருங்குகிறது. சரியான குரலில் கூப்பிட்டபின்தான் அது தொட்டியில் வாய்வைக்கிறது. டிஸ்கிரண்டில்ட் ஆன பன்றி கிரண்டில்ட் ஆகும் கதை என்று அதைச் சொல்லலாம். சொல் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிவருகிறது, ஆனால் பொருளை மாற்றிக்கொண்டு.

ஆங்கிலத்தில் இப்படி எதிர்மறை மட்டும் உயிரோடிருக்க, நேர்மறை தொலைந்துபோன சொற்கள் ஒரு கூட்டமே உண்டு. ஆனால் அவற்றை எல்லாம் ‘கிரண்டில்ட்’ உடன் ஒரே பட்டியலில் போடுவது சரியில்லை. வேடிக்கைக் கட்டுரை எழுதுபவர்கள் வழக்கமாக அந்தத் தவறைச் செய்கிறார்கள். சில சொற்களுக்கு உண்மையாகவே நேர்மறை இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. சிலவற்றுக்கு அது இருந்ததே இல்லை.

‘அன்கெம்ப்ட்’ முதல் வகை. பராமரிப்பில்லாத தோற்றத்தைக் குறிப்பது. அடியில் இருப்பது தலை வாருவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினை. ‘கோம்ப்’ என்ற சீப்பும் அதன் உறவுதான். வாராத தலையே ‘அன்கெம்ப்ட்’, வாரிய தலை ‘கெம்ப்ட்’. ‘டிஷெவல்ட்’ அதற்குப் பிரெஞ்சு வழி உறவினர். உள்ளே முடியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. நாம் தலைவிரிகோலம் என்போமே, அது. ‘ரூத்லெஸ்’ என்ற இரக்கமின்மைக்குள் ‘ரூத்’ என்ற இரக்கம் நிஜமாகவே குடியிருந்தது.

‘அன்கூத்’ இன்னும் சுவையானது. இன்று பண்பற்ற, நாகரிகமற்ற என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது அறியப்படாத, அந்நியமான என்பதை மட்டுமே சொன்னது. ‘கூத்’ என்றால் அறியப்பட்டது. ‘கேன்’, ‘குட்’ என்று இன்றும் தினமும் புழங்கும் துணைவினைகளின் குடும்பம். தெரியாதவன் எப்படிப் பண்பற்றவன் ஆனான் என்பதற்கு மொழியியல் தேவையில்லை, ஊருக்குப் புதிதாக வந்து வீடு தேடியவரைக் கேட்டால் போதும். ஸ்காட்லாந்தில் அதே சொல் தேய்ந்து ‘அன்கோ’ ஆகி, ‘மிகவும்’ என்ற பொருளுக்குப் போனது. அளவுகடந்த நல்லவர்களைக் கிண்டல் செய்ய பர்ன்ஸ் பயன்படுத்தியது அதைத்தான். 1896இல் ஆங்கில எழுத்தாளர் மேக்ஸ் பீர்போம் ‘கூத்’ என்பதைத் திரும்ப எழுப்பினார். எழுந்து வந்தது பழைய ‘அறியப்பட்ட’ அன்று, ‘நாகரிகமான’ என்ற புதுப்பொருள். பழைய உடலில் வேறு உயிர்.

‘எப்ட்’ அப்படியும் அல்ல. திறமையற்றவனைச் சொல்லும் ‘இனெப்ட்’ லத்தீனிலேயே உருமாறிய சொல். அடியில் இருந்தது ‘ஆப்ட்’. மறுப்பொட்டு சேரும்போது லத்தீன் உயிரொலி மாறி ‘எப்ட்’ ஆனது. தனியே ‘எப்ட்’ எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ‘தி நியூ யார்க்கர்’ இதழின் புகழ்பெற்ற கட்டுரையாளர் ஈ.பி. ஒயிட் ஒரு கடிதத்தில் அதைப் பாராட்டுச் சொல்லாகப் பயன்படுத்தினார். ஆண்டு 1938, மாதம் அக்டோபர். பெர்ட்டியின் வாக்கியம் கடைக்கு வந்த அதே மாதம்.

1994 ஜூலையில் ஜாக் விண்டர் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் ‘ஹவ் ஐ மெட் மை வைஃப்’ என்ற குறும்படைப்பை வெளியிட்டார். ஒரு விருந்தில் ஒருவன் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், அவ்வளவே கதை. அது முழுக்கத் தலை வெட்டப்பட்ட இத்தகைய சொற்களால் எழுதப்பட்டது. ஆங்கில வகுப்புகளில் இன்றும் அதைக் கொடுத்துச் சிரிக்கவைக்கிறார்கள். என் கருத்தில் அது கொஞ்சம் திகட்டுகிறது. வுட்ஹவுஸ் ஒரு சொல்லோடு நிறுத்தினார். அந்த ஒரு சொல்லைச் சுற்றிலும் சாதாரண ஆங்கிலம் இருந்ததால் அது மின்னியது. விண்டரிடம் எல்லாமே மின்னுவதால் இரண்டாவது பத்தியிலேயே கண் பழகிவிடுகிறது.

இதுவரை சிரிப்பு. இதே தவறான பிரிப்பு சிரிப்பில்லாமல் நடந்த இடங்களும் உண்டு. ‘நான்பிளஸ்ட்’ என்ற சொல் ‘இதற்குமேல் இல்லை’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. மேற்கொண்டு சொல்லவும் செய்யவும் ஒன்றும் தோன்றாமல் திகைத்து நிற்பது அதன் பொருள். தலையில் இருக்கும் ‘நான்’ என்பதை மறுப்பொட்டு என்று அமெரிக்கர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் ‘பிளஸ்ட்’ என்பது கலங்கியவன், ‘நான்பிளஸ்ட்’ கலங்காதவன். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பொருள் அமெரிக்க வழக்கில் வேரூன்றி அகராதிக்குள்ளும் வந்துவிட்டது. இன்று ஒருவர் நான்பிளஸ்ட் ஆக நின்றார் என்று படித்தால், அவர் திகைத்து நின்றாரா அசையாமல் நின்றாரா என்பதை எழுதியவர் எந்த நாட்டவர் என்று பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும். வேடிக்கையாகச் செய்த பிரிப்பு வேடிக்கையாகவே நின்றது. வேடிக்கை என்று தெரியாமல் செய்த பிரிப்பு மொழியை மாற்றிவிட்டது.

அதைவிட ஆபத்தானது ‘இன்ஃப்ளேமபிள்’. நெடுஞ்சாலையில் நமக்கு முன்னால் போகும் பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் சிவப்பில் எழுதியிருக்குமே, அந்தச் சொல். எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். லத்தீனில் தீமூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அங்கே ‘இன்’ என்றால் ‘உள்ளே’. ஆனால் ஆங்கிலத்தில் ‘இன்’ பெரும்பாலும் மறுப்பு. ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதிய பீப்பாயின் அருகில் ஒருவர் தைரியமாக பீடி பற்றவைக்கக்கூடும். 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘இன்’னை விட்டுவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனம் 1959இல் அதே முடிவுக்கு வந்தது. சொற்பிறப்பில் சரியான சொல்லை உயிர்ப் பாதுகாப்புக்காகக் கைவிட்ட நிகழ்ச்சி இது. இந்திய லாரிகளில் பழைய சொல்லே இன்னும் ஓடுகிறது. பார்க்கும் பலருக்கு ஆங்கிலம் வழியாக அன்றி, சிவப்பு நிறம், தீச்சுடர்ப் படம் ஆகியவற்றின் வழியாகத்தான் எச்சரிக்கை போய்ச்சேர்கிறது என்பதால் பெரிதாகக் கெடுதல் வரவில்லை.

பெர்ட்டியின் வாக்கியத்தைத் தமிழாக்க உட்காரும் மொழிபெயர்ப்பாளர் முதலில் ‘அதிருப்தி’யைத்தான் எடுப்பார். அங்கேயே வேடிக்கை செத்துவிடும். ‘திருப்தி’ நம்மிடம் தினமும் புழங்கும் சொல், அதை எடுத்துக் காட்டினால் யார் சிரிப்பார்கள்? எதிர்மறை மட்டுமே தெரிந்த, நேர்மறை காணாமற்போன ஒரு சொல் வேண்டும். தமிழில் அப்படி ஒன்று இருக்கிறது: பொல்லாத. பொல்லாதவன், பொல்லாப்பு, பொல்லாத காலம் என்று எத்தனையோ வடிவங்கள். இரண்டு திரைப்படங்களுக்கே ‘பொல்லாதவன்’ என்று பெயர், ஒன்று 1980இல், மற்றொன்று 2007இல். ஆனால் ‘பொல்லும்’, ‘பொல்லுகிற’ என்று யாரும் பேசுவதில்லை. ஜீவ்ஸின் முகம் பொல்லாத முகமாக இல்லாவிட்டாலும் பொல்லுகிற முகமாகவும் இல்லை என்று எழுதினால், மூலத்தில் நடந்த விபத்து தமிழிலும் ஏறக்குறைய நடக்கும்.

நேர்மறை ஓரிடத்தில் செத்து வேறிடத்தில் வாழ்வதும் உண்டு. ‘ஏலாது’ என்பதைத் தமிழகத்தின் தென்பகுதியில் கேட்கலாம், ‘ஏலும்’ காதில் விழுவது குறைவு. இலங்கைத் தமிழில் ஏலும், ஏலாது இரண்டுமே அன்றாடப் பேச்சு.

எதிர்மறையின் அடிச்சொல் மாறிப்போனதற்கும் தமிழில் ஒரு பெரிய சான்று உண்டு, அதுவும் கோயிலில். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரில் இருப்பவர் பொல்லாப் பிள்ளையார். நம்பியாண்டார் நம்பிக்கு அருள்செய்து, தேவார ஏடுகள் தில்லையில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தவர் என்று சைவ மரபு போற்றும் பிள்ளையார். அவர் எப்படிப் பொல்லாதவர் ஆனார்? அவர் ‘பொள்ளா’ப் பிள்ளையார் என்று விளக்கம் சொல்கிறார்கள். பொள்ளுதல் என்றால் உளியால் குடைதல், செதுக்குதல். பொள்ளாதவர் என்றால் உளிபடாதவர், சுயம்பு. ளகரம் லகரமாகி, சிற்பியின் கை படாதவர் பொல்லாதவர் ஆகிவிட்டார். இதுவும் எதிர்மறை, அதுவும் எதிர்மறை, அடிச்சொல் மட்டும் வேறு. பக்தர்கள் ஒருநாளும் அந்தப் பெயரால் குழம்பியதில்லை.

‘லட்சியம்’, ‘அலட்சியம்’ என்ற இணை மற்றொரு வகை. பொருட்படுத்தாமை அலட்சியம் என்றால், பொருட்படுத்துவது லட்சியமாக இருக்கவேண்டும். ‘என்னை லட்சியமே பண்ணவில்லை’ என்று பழைய தலைமுறை பேசியபோது அது அப்படித்தான் இருந்தது. பிறகு லட்சியம் மேடையேறி உயர்ந்த குறிக்கோளாகிவிட்டது, அலட்சியம் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று இரண்டையும் எதிர்ச்சொற்கள் என்று தேர்வுத்தாளில் மட்டுமே சொல்லமுடியும்.

மறுப்பொட்டுகளைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் ஆர்வெலை விடமுடியாது. 1946இல் எழுதிய ‘பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலீஷ் லாங்குவேஜ்’ கட்டுரையில், மறுப்பின் மேல் மறுப்பு வைத்து நழுவும் நடையை அவர் கிண்டல் செய்தார். ‘நியாயமற்றது அல்ல’ என்று சுற்றிவளைத்துச் சொல்லும் பழக்கத்திலிருந்து விடுபட, கறுப்பல்லாததல்லாத நாயை வைத்து ஓர் அபத்தமான வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார். பெர்ட்டியின் வாக்கியமும் அமைப்பில் அந்த ரகம்தான். ஆனால் ஆர்வெல் வுட்ஹவுஸின் எதிரியல்லர். போர்க்காலத்தில் ஜெர்மானியரிடம் சிக்கி, 1941இல் பெர்லின் வானொலியில் பேசியதற்காக வுட்ஹவுஸை இங்கிலாந்து துரோகி என்று தூற்றியபோது, 1945இல் அவருக்காக வாதாடிக் கட்டுரை எழுதியவர் ஆர்வெல். அரசியல்வாதி மறுப்பின் மேல் மறுப்பு வைப்பது ஒளிந்துகொள்வதற்காக. பெர்ட்டி வைப்பது ஓர் அடக்கமான மனிதரின் மனதை நுணுக்கமாக அளப்பதற்காக. ஒரே கருவி, இரண்டு வேலை.

‘நைன்டீன் எய்ட்டி-ஃபோர்’ (1949) நாவலில் ஆர்வெல் கற்பனை செய்த சர்வாதிகார மொழியில் ‘கெட்டது’ என்ற சொல்லே கிடையாது. ‘நல்லது’ என்பதன் முன் மறுப்பொட்டைப் போட்டால் வேலை முடிந்தது. எந்தச் சொல்லுக்கும் எதிர்ச்சொல் இப்படி ஒரே அச்சில் வார்க்கப்படும். அந்த மொழியில் ‘கிரண்டில்ட்’ பிறக்கவே முடியாது. ஒவ்வொரு மறுப்பும் சுத்தமாகப் பிரியும் இடத்தில், தவறாகப் பிரிக்க என்ன இருக்கிறது? டிஸ்கிரண்டில்ட் போன்ற கோணல்மாணலான சொற்கள் இருக்கும் மொழியில்தான் பெர்ட்டி பிழைக்கமுடியும்.

இனி இந்தச் சொல் இயல்பான சொல்லாக மாறுமா? தவறான பிரிப்பில் பிறந்து குடும்பத்தோடு கலந்துவிட்ட சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. பட்டாணியைக் குறிக்கும் ‘பீஸ்’ முதலில் ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணி ஜனங்கள் அதைக் கழற்றியபோது ‘பீ’ கிடைத்தது. இன்று அதைப் பிழை என்று யாரும் நினைப்பதில்லை. ‘எடிட்டர்’ முதலில் வந்து, ‘எடிட்’ பிறகு அதிலிருந்து கழன்றது. இவற்றுக்கு ஒரு தேவை இருந்தது. ஒற்றைப் பட்டாணிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, பத்திரிகை ஆசிரியர் செய்யும் வேலைக்கு ஒரு வினைச்சொல் வேண்டியிருந்தது. மகிழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் பெயரடைப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. ‘கிரண்டில்ட்’ உட்காரவேண்டிய நாற்காலிகளில் எல்லாம் முன்பே ஆட்கள் இருக்கிறார்கள்.

எனவே அது ‘டிஸ்கிரண்டில்ட்’டின் நிழலில்தான் நிற்கும். பெரிய சொல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கேட்பவர் மனதிலாவது அது இருக்கவேண்டும். அது இல்லாதவரிடம் ‘கிரண்டில்ட்’ வெறும் அச்சுப்பிழை. ஆங்கிலத்தில் எழுதும் தமிழ் நண்பர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. இதை வேலை விண்ணப்பத்திலும் மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலிலும் போடாதீர்கள். வுட்ஹவுஸ் படித்த நண்பருக்கு எழுதும்போது, ஒரே ஒருமுறை, சுற்றிலும் சாதாரணச் சொற்களை வைத்துப் போடுங்கள்.